சிந்துவெளிக் குறிகளும் செயற்கைத் தரவுகளும்: ஒரு மதிப்பீடு

பேராசிரியர் வ.அய். சுப்பிரமணியம் தொகுத்த புறநானூற்றுச் சொல்லடைவு 1962-இல் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாகத் திருவனந்தபுரத்திலிருந்து வந்தது. ஒரு நூலில் ஒரு சொல் எவ்வெவ்விடங்களில் எவ்வெவ் வடிவில் வருகின்றது என்பதை முற்றத் தொகுத்த பின்னரே அந்நூலின் இலக்கணம் பற்றிப் பேசுதல் தகும் என்னும் கொள்கை அவ்வடைவின் பின்னே நிற்கின்றது. மு. இளையபெருமாளின் ஐங்குறுநூற்று இலக்கணம் (1975) அவ்வழியிற் பிறந்ததே. எண்ணிக்கை தமிழாய்வுக்குப் புதிதன்று என்பதற்கே இதனைக் குறிப்பிடுகின்றோம். புதியது வேறொன்று: உண்மையில் இல்லாத ஒரு தரவைக் கணினியில் ஆக்கி, அதனோடு உண்மைத் தரவை ஒப்பிட்டு முடிவு கூறும் முறை. சிமுலேஷன் எனப்படும் இப்போலச்செய்தல் முறை சிந்துவெளி ஆய்வில் புகுந்தபோது என்ன நேர்ந்தது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகின்றது.

சிந்துவெளிப் பொறிப்புகளின் முறையான தரவுத்தளமாக இன்றும் பயன்படுவது ஐராவதம் மகாதேவன் கணினியின் துணைகொண்டு உருவாக்கி, 1977-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட தொகுப்பாகும். அதில் குறிகள் 417. பொறிப்பு ஒன்றின் சராசரி நீளம் ஐந்து குறிகளே. இத்துணைச் சிறிய பொறிப்புகள் எழுத்தாக இருத்தல் இயலாது, அவை சமய, குலச் சின்னங்களே என 2004-இல் ஸ்டீவ் பார்மர், ரிச்சர்டு ஸ்ப்ரோட், மைக்கேல் விட்செல் ஆகிய மூவரும் வாதிட்டனர். அதற்கு விடையாக ராஜேஷ் ராவ், நிஷா யாதவ், மயங்க் வாகியா, ஹிருஷிகேஷ் ஜோக்லேகர், ரணஜாய் அதிகாரி, மகாதேவன் ஆகியோர் 2009-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினர்.

அவர்கள் கையாண்ட அளவுகோல் நிபந்தனை என்ட்ரோபி. ஒரு குறியை அறிந்த பின், அடுத்து வருங்குறி யாது என ஊகிப்பதில் எஞ்சும் ஐயத்தின் அளவு அது. தமிழ் மாணவர்க்கு இது அயலான கருத்தன்று. தொல்காப்பிய நூன்மரபு கூறும் மெய்ம்மயக்கம் இவ்வையத்தைக் குறைக்கும் விதிகளின் தொகுதியே. ஙகர ஒற்றின்பின் ககர வரிசை வருமென நாம் ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். ‘அங்ஙனம்’ போல்வன சிலவே. யகர ஒற்றின்பின் அவ்வுறுதி இல்லை. மொழியில் இவ்விரு நிலைகளும் கலந்தே வரும் என்பதுதான் அளவுகோலின் அடிப்படை.

ஒப்பீட்டுக்குச் சுமேரியம், இருக்குவேத வடமொழி, ஆங்கிலம் ஆகியவற்றோடு எட்டுத்தொகைத் தமிழும் எடுத்துக்கொள்ளப்பட்டது. மொழியல்லாதவற்றுள் டி.என்.ஏ. வரிசை, பாக்டீரியப் புரதம், பார்ட்ரான் நிரல் ஆகியன உண்மைத் தரவுகள். மற்றிரண்டு கணினியில் ஆக்கப்பட்டவை: ஒன்றில் எக்குறியின்பின்னும் எக்குறியும் சமவாய்ப்போடு வரும், மற்றொன்றில் ஒவ்வொரு குறியின்பின்னும் வருவது முன்னரே உறுதி. சிந்துக் குறிகள் இவ்விரண்டுக்கும் இடையே, மொழிகளின் கூட்டத்தில் அமைந்தன.

இடைப்பட்ட நிலை எதனைக் காட்டும்?

இங்கேதான் நமது ஐயம் எழுகின்றது. முற்றிலும் ஒழுங்கற்ற வரிசை என்ட்ரோபியின் மேல் எல்லை. முற்றிலும் உறுதியான வரிசை சுழி. இவ்விரண்டும் கணிதம் வகுத்த எல்லைகளே. உலகில் மனிதர் ஆக்கிய எக்குறித்தொகுதியும் இவ்வெல்லைகளுக்குள்தான் அடங்கும். ஒரு குடத்தில் பல குறிகள் எழுதிய ஓலைகளை இட்டுக் குலுக்குவதாகக் கொள்வோம். சில குறிகள் மிகுதியாகவும் சில அரிதாகவும் இருக்கட்டும். எடுத்த ஓலையைத் திரும்ப இட்டு ஒவ்வொன்றாக எடுத்து வரிசைப்படுத்தினால், அவ்வரிசையில் முன்பின் தொடர்பு சிறிதும் இராது. ஆயினும் அதன் அளவு இடைநிலையிலேயே விழும். குடவோலை மொழியாகாது.

செயற்கைத் தரவுகளைப் ‘புனைந்த தரவு’ எனப் பார்மர் குழுவினர் சாடியது சற்று மிகை. எல்லைகளை விளக்கப் போலச்செய்தல் உதவும். குற்றம் அதன் பயன்பாட்டில் இல்லை. வின்கா குறிகளையும் மெசபொடேமிய எல்லைக்கற்களின் தெய்வச் சின்னங்களையும் பெயரளவில் முன்மாதிரியாகக் கூறிவிட்டு, அவற்றின் மெய்த் தரவுக்கு ஈடாகச் செயற்கை வரிசையை நிறுத்தியதே குறை. இக்குறையை ஸ்ப்ரோட் 2014-இல் ‘லாங்வேஜ்’ இதழில் வேறு வழியில் அணுகினார். அக்கற்களின் சின்னங்கள், பிக்டியக் கற்குறிகள், குலமரபுத் தூண்கள் முதலான உண்மையான மொழிசாராத் தொகுதிகளைத் திரட்டி அளந்தபோது, நிபந்தனை என்ட்ரோபி மொழியையும் மொழியல்லாததையும் பிரித்துக் காட்டவில்லை.

ராவ் குழுவினர்க்கு நீதி செய்தலும் வேண்டும். தம் முடிவு மெய்ப்பிப்பு அன்று, பிற சான்றுகளோடு சேர்த்து நோக்குகையில் மொழி எனும் வாய்ப்பை மிகுவிப்பதே என அவர்கள் மூலக் கட்டுரையிலேயே எழுதினர். 2010-இல் அளித்த மறுமொழியிலும் அதனை வலியுறுத்தினர். மேலும் இக்குழுவின் மிகச் சிறந்த பணி, ‘சயின்ஸ்’ கட்டுரையினும் அதனையடுத்து வந்த இரு கட்டுரைகளில் உள்ளது என்பது எம் கருத்து. தெரிந்த குறியை மறைத்துவைத்து, அடுத்தடுத்த குறிகளின் வரவைக் கொண்டு அதனைக் கண்டுபிடிக்க முயன்றபோது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெற்றி கிட்டியது. மேற்காசியாவிற் கிடைத்த முத்திரைகளின் குறிவரிசை, சிந்துவெளியின் வழக்கமான வரிசையினின்று பெரிதும் விலகுவதும் தெரிந்தது. இவை தோற்றுப்போகக்கூடிய சோதனைகள். குடவோலை இவற்றில் வென்றிராது. குறிகளுக்கு ஒழுங்குண்டு என்பது இவற்றால் நிலைபெறுகின்றது. அவ்வொழுங்கு மொழியினதா, சடங்கினதா என்பது மட்டும் இன்னும் திறந்த வினாவே.

எட்டுத்தொகை ஒப்பீடு

சிந்துக் குறிகளின் அளவு சுமேரியத்துக்கும் பழந்தமிழுக்கும் மிக அணுக்கமானது என்பது அக்கட்டுரையின் ஒரு தொடர். இத்தொடர் தமிழ் மேடைகளில் ‘சிந்துமொழி தமிழே எனக் கணினி மெய்ப்பித்தது’ என மாறி ஒலிப்பதைக் கேட்கின்றோம். அது பிழையான பொருள்கோள். அதே கட்டுரையில் ஆங்கிலம் சொல் வரிசையாக ஓரிடத்தும், எழுத்து வரிசையாக மற்றோரிடத்தும் நிற்க, சிந்துக் குறிகள் அவற்றினிடையே நிற்கின்றன. ஒரே மொழி அலகு மாற இடம் மாறுமாயின், அவ்வளவு மொழியைச் சுட்டவில்லை, எழுதும் முறையின் அலகைச் சுட்டுகின்றது என்பதே பெறப்படும். திராவிடக் கருதுகோளுக்கு மகாதேவனும் அஸ்கோ பர்ப்போலாவும் தந்த சான்றுகள் வேறு. அவற்றின் வலிமை இந்த எண்ணைச் சார்ந்ததன்று.

எட்டுத்தொகையை அளவுகோலாகக் கொண்டதிலும் தமிழ்த்துறையினர் கேட்கவேண்டிய கேள்விகள் உள. எதுகையும் மோனையும் சீரும் எழுத்து வரவைக் கட்டுப்படுத்தும் யாப்பு நூல்கள் அவை. ஐந்து குறி நீளமுள்ள முத்திரையோடு நெடும்பாடலை ஒப்பிடுவது எவ்வாறு? உயிர்மெய்யை ஓரலகாகக் கொள்வதா, மெய்யும் உயிருமாகப் பிரிப்பதா? ஓலைச்சுவடியில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை என்பதை நினைவிற்கொண்டால், பதிப்பாசிரியரின் புள்ளியும் சொற்பிரிப்பும் கூடக் கணக்கில் நுழைகின்றன. பாடவேறுபாடு பற்றிய அறிவு புள்ளியியலாளர்க்கு உதவவேண்டிய இடம் இது. ஆனால் 2009-க்குப் பின் நம் துறைகள் மேற்கோள் காட்டிய அளவுக்கு இக்கேள்விகளைக் கேட்கவில்லை.

பொருத்தமான ஒப்பீடு மகாதேவனின் மற்றொரு நூலிலேயே இருந்தது. அவர் 2003-இல் வெளியிட்ட பழந்தமிழ்க் கல்வெட்டுத் தொகுப்பில் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள் இடம்பெற்றுள்ளன. கொடுமணல், கீழடி ஆகிய இடங்களின் பானையோடுகளில் ஓரிரு ஆட்பெயர்களே உள; நீளத்திலும் பயனிலும் முத்திரைகளோடு ஒப்பிடத்தக்கவை அவையே. எட்டுத்தொகையை ஐந்தைந்து எழுத்தாகத் துணித்து, சிந்துத் தரவின் அளவுக்கு மட்டும் குலுக்கல் முறையில் பன்முறை எடுத்து அளப்பது இரண்டாவது சோதனை. சிறு தரவு எண்ணை எவ்வளவு திரிக்கும் என்பதை அது காட்டும். போலச்செய்தல் இங்கே எல்லைகளை அலங்கரிக்கும் படமாக நில்லாது, ஆய்வாளரின் கருத்தையே சோதிக்கும் கருவியாகும்.

இதன் தேவை இன்று மிகுந்துள்ளது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 சனவரியில் வெளியிட்ட க. ராஜன், இரா. சிவானந்தம் ஆய்வு, தமிழகப் பானையோட்டுக் கீறல்களுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக் குறிகள் சிந்துக் குறிகளோடு வடிவில் ஒத்துள்ளதாகக் கூறுகின்றது. பல ஊர்களின் ஓடுகளை ஓரிடத்தில் திரட்டிய அரும்பணி அது. ஆயினும் சிலுவை, முக்கோணம், ஏணி, அம்பு போன்ற எளிய கோட்டுருவங்கள் எந்நாட்டுக் குயவனுக்கும் தோன்றும். ஆகவே 60 என்னும் எண் பெரிதா சிறிதா என்பதை, தொடர்பே இல்லாத வேறொரு தொகுதியோடு, வின்கா குறிகளோடேனும், அதே வரையறைகளைக் கொண்டு ஒப்பிட்டுத்தான் கூறமுடியும். அவ்வொப்பீட்டில் 20 விழுக்காடு கிடைப்பின் தமிழகத் தொடர்பு வலுப்பெறும். 55 கிடைப்பின் நிலைமை வேறு. ஒப்புமை எது, ஒப்புமையன்று எது எனத் தீர்மானிப்போர்க்கு எக்குறி எந்நாட்டது என்பது அச்சோதனை முடியும்வரை தெரியாதிருத்தல் வேண்டும்.