யார் கணக்கில் இந்த ஆழம்?

கோவளத்துக் கரைக்கு அப்பால் பதினைந்து மீட்டர் ஆழத்தில் தண்ணீர் 28 டிகிரி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். முங்கல்களைப் பதிவுசெய்யும் சப்சர்ஃபேஸ் என்ற மென்பொருள் அதைத் தன் உள்கணக்கில் 3,01,150 என்று வைத்துக்கொள்ளும். கெல்வின்கூட இல்லை, மில்லிகெல்வின். ஆழம் மில்லிமீட்டரில், முதுகுத் தொட்டியின் அழுத்தம் மில்லிபாரில். கடலில் முங்குகிறவர்கள் மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் எதுவும் மில்லிமீட்டர் சுத்தமாக ஆழம் காட்டுவதில்லை. மேலே ஓர் அலை புரண்டாலே அளவு முன்பின் ஆகும். பிறகு எதற்கு இந்த நகைக்கடைத் தராசு?

காரணம் இருக்கிறது. ஒரு கருவி அடிக்கணக்கில் அளக்கிறது, இன்னொன்று மீட்டரில். ஒன்று அழுத்தத்தை அப்படியே தருகிறது, இன்னொன்று ஆழமாக மாற்றித் தருகிறது. தசமப் புள்ளியோடு இங்கும் அங்கும் மாற்றிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு துளி சிந்தும். மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வைத்துவிட்டால் சிந்தாது. இதை எழுதியவர்களுக்குப் பயன்படுத்துபவரின் சௌகரியத்தைவிடப் பதிவின் சுத்தம் பெரிது. இந்த மென்பொருளின் பலமும் சீக்கும் இந்த ஒரே குணத்திலிருந்துதான் வருகின்றன என்பது என் கட்சி.

தொடங்கிய கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 2011 ஆகஸ்டில் லினக்ஸ் கருநிரலின் வீடான கெர்னல்.ஆர்க் தளத்துக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். தளம் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. லினக்ஸை உருவாக்கியவரும் கடலில் முங்குவதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தவருமான லினஸ் டோர்வால்ட்ஸ், அந்த இலையுதிர் காலத்தில் தன் முங்கல்களைக் குறித்துவைக்க ஒரு நிரல் எழுதினார். லினக்ஸில் ஓடும் நல்ல லாக் புக் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். அடுத்த ஆண்டே பராமரிப்புப் பொறுப்பு, அப்போது இன்டெல்லில் இருந்த டிர்க் ஹோன்டெலிடம் போனது. டோர்வால்ட்ஸ் அவ்வப்போது திருத்தம் அனுப்புகிறவர்களில் ஒருவரானார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். பெரிய மனிதர் தொடங்கியது என்பதால் அல்ல, தொடங்கியவர் சீக்கிரமே சாவியைக் கொடுத்துவிட்டார் என்பதால்தான் அது பிழைத்தது. நம் ஊரில் சபாக்கள் முதல் சிறுபத்திரிகைகள் வரை எத்தனையோ காரியங்கள் நின்றுபோனது சாவி இடுப்பிலேயே இருந்ததால்தானே?

2013-இல் ஜிடிகே-யில் இருந்த முகப்பைக் கழற்றி எறிந்து க்யூட்டி-யில் மறுபடி கட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் 4.0 வெளிவந்தது. சி++ மொழியை வெளிப்படையாகத் திட்டியவர் தொடங்கிய வீட்டில் சி++ குடியேறியது. கொள்கையைவிட விண்டோஸிலும் மேக்கிலும் ஒழுங்காக ஓடுவது முக்கியம் என்று முடிவெடுத்ததற்கு ஒரு சபாஷ்.

இனி இந்த வேலையின் உண்மையான கஷ்டத்துக்கு வருவோம். டைவ் கம்ப்யூட்டர் சில நொடிகளுக்கு ஒருமுறை ஆழத்தையும் வெப்பத்தையும் குறித்துக்கொள்கிறது. அதை வெளியே எடுப்பதற்கான பேச்சுமொழியைப் பெரும்பாலான நிறுவனங்கள் சொல்வதில்லை. தங்கள் செயலியில்தான் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. கம்பி வழியே போகும் பைட்டுகளை ஒட்டுக்கேட்டு, எந்த எண் ஆழம், எந்த எண் நேரம் என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சேர்த்த நூலகம் லிப்டைவ்கம்ப்யூட்டர். அதில் பெரும்பகுதி யெஃப் ட்ரீசன் என்ற ஒரே மனிதரின் உழைப்பு. சப்சர்ஃபேஸ் அதன் மேல்தான் நிற்கிறது. அதைப் போலவே வேறு பல லாக் புக் செயலிகளும்.

எனக்கு இந்தச் சார்பு புரிந்தது சென்னையின் ரிச்சி தெருவில். பழைய கருவி ஒன்றுக்கு யூஎஸ்பி கம்பி தேடிப் போயிருந்தேன். “ஒரிஜினலா?” என்று கேட்டதற்குக் கடைக்காரர், “ஒரிஜினல் மாதிரியேதான் சார்” என்றார். அந்த ‘மாதிரியே’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. இப்படிப்பட்ட கம்பிகளுக்குள் இருக்கும் சிப்பைச் செய்கிற எஃப்டிடிஐ நிறுவனம், 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியே ஓர் இயக்கியை அனுப்பியது. அது போலிச் சிப்புகளின் அடையாள எண்ணைச் சுழியாக்கிவிடும், அதன்பின் கணினி அந்தக் கம்பியைக் கண்டுகொள்ளாது. கூச்சல் எழுந்ததும் திரும்பப் பெற்றார்கள். கடலுக்குள் போன நாற்பது நிமிடக் கணக்கு, தைரியமாக முங்கியவருக்கு ஏதும் தெரியாமல், எங்கோ இருக்கும் யாருடைய முடிவிலெல்லாம் தொங்குகிறது என்று பாருங்கள்.

நான் முதலில் வைத்திருந்தது ஒரு நிறுவனத்தின் இலவசச் செயலி. ஒருநாள் அவர்கள் சேவையை நிறுத்தினார்கள். நீலாங்கரை, புதுச்சேரி என்று சேர்த்து வைத்திருந்த நாற்பத்துச் சொச்சம் முங்கல்களும் அதோடு போயின. டைவ்மாஸ்டர் பயிற்சியில் சேர 40 முங்கல்கள் பதிவில் இருக்க வேண்டும் என்பது பாடி (PADI) என்ற முங்கல் பயிற்சி அமைப்பின் விதி. என் உடம்புக்குத் தெரியும், காகிதத்தில் இல்லை.

பதிவு யாருடையது என்பது நம் கடலில் புதிய கேள்வி அல்ல. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களைச் சென்னை அரசாங்கம் குளியாட்களை இறக்கித்தான் சோதித்தது. எந்தப் பாரில் சிப்பி எவ்வளவு, என்ன வயது என்று குறித்தது. கடல் உயிரியலாளர் ஜேம்ஸ் ஹார்னெல் 1905-இல் அரசுக்கு எழுதிய அறிக்கை இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அருமையான ஆவணம். மூச்சடக்கி இறங்கி அந்தத் தகவலைக் கொண்டுவந்தவர்களின் கையில் அதில் ஒரு வரியும் இருந்ததில்லை. இலங்கைக் கரையில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்காவது குளியாளுக்குக் கிடைத்தது. எழுத்தில் அந்தப் பங்கும் இல்லை. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது, அறிக்கைகள் அலமாரியில் இருக்கின்றன. அந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால், தன் முங்கலின் கோப்பைத் தன் கணினியில், எந்த நிறுவனத்தின் தயவும் இன்றித் திறக்கக்கூடிய வடிவில் ஒருவர் வைத்துக்கொள்ள முடிவது சின்ன விஷயமாகப் படவில்லை. சப்சர்ஃபேஸின் மேகச் சேமிப்பு உள்ளே கிட் முறையில் இயங்குகிறது. ஒவ்வொரு சேமிப்பும் தனித் தடம். பதினெட்டு மீட்டரை முப்பது என்று யாராவது திருத்தினால் பழைய பதினெட்டும் அடியில் இருக்கும். இணையம் போனாலும் ஒரு பிரதி கையில் நிற்கும்.

பாராட்டை இங்கே நிறுத்திவிட்டு மறுபக்கம் வருகிறேன்.

முதல் குறை, அது யாரோடு பேசுகிறது என்பது. உள்ளே நுழைந்தவுடன் வரைபடத்தில் உச்சவரம்பு, ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், பதினாறு திசுப் பெட்டிகளின் வெப்பப்படம் என்று எல்லாவற்றையும் எடுத்துப் போட முடியும். சூரிச்சின் ஆல்பர்ட் பூல்மான் வகுத்த அந்தப் பதினாறு பெட்டிகள் ஒவ்வொன்றும் நைட்ரஜனை வெவ்வேறு வேகத்தில் உறிஞ்சுகின்றன. கடைசிப் பெட்டி பாதி நிரம்ப 635 நிமிடம். இதைப் படித்தவருக்கு இந்தத் திரை விருந்து. கோவளத்தில் முதல்முறை இறங்கிவிட்டு, ஆமை பார்த்த நாளைக் குறித்துவைக்க வந்தவருக்கு இது விமானி அறை. தங்களுக்காகத் தாங்களே செய்துகொண்டவர்களின் பொருள் என்பது ஒவ்வொரு மெனுவிலும் தெரிகிறது.

அடுத்தது திட்டமிடும் பகுதி. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், ஏறும்போது எங்கே எத்தனை நிமிடம் நிற்பது என்று அது கணக்கிட்டுத் தரும். கூடவே, இதன் முடிவை மட்டும் நம்பி முங்காதீர்கள் என்று கொட்டை எழுத்தில் எச்சரிக்கையும் தரும். நேர்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நம்பக்கூடாத ஒன்றை இவ்வளவு அழகாக, இவ்வளவு துல்லியமாக எதற்காகக் காட்ட வேண்டும்? அத்தனை துல்லியம் காட்டும் திரையைப் பார்த்தவன் எச்சரிக்கையைப் படிப்பதில்லை. உத்தரவாதம் எதுவும் கிடையாது என்ற ஜிபிஎல் உரிமத்தின் வாசகம் சொற்செயலிக்குப் பொருந்தும் அளவுக்கு, ரத்தத்தில் குமிழி கட்டும் விவகாரத்துக்குப் பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. இது மூல நிரல் திறந்திருப்பதன் குற்றமல்ல. நிறுவனங்களின் கருவிகளும் இதே வாசகத்தை வேறு சொற்களில் அச்சிடுகின்றன. என்றாலும் நிரல் திறந்திருப்பதாலேயே சரிபார்க்கப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ளும் ஒரு சோம்பல் நமக்குள் இருக்கிறது. அந்தப் பகுதியைப் படித்துச் சரிபார்க்கக்கூடியவர்கள் உலகத்திலேயே கைவிரல் எண்ணிக்கைதான்.

மூன்றாவது குறையை மென்பொருளின் மேல் போடுவது அநியாயம், ஆனால் சொல்லாமல் போவது அதைவிட அநியாயம். நம் கடலில் அதிகம் முங்குகிறவர்கள் என்னைப் போல வார இறுதியில் போகிறவர்கள் அல்ல. தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிப்பவர்களும், இலங்கையின் வடக்கில் தொட்டி கட்டிக்கொண்டு கடலட்டை எடுப்பவர்களும்தான். பதிவு உண்மையிலேயே உயிர்காக்கும் என்றால் அது அவர்களுக்குத்தான். ஒரு நாளில் எத்தனை முறை இறங்கினார், இடையில் மேலே எவ்வளவு நேரம் இருந்தார் என்ற கணக்குதான் வாதத்துக்கும் நடைக்கும் நடுவே நிற்பது. அவர்கள் மணிக்கட்டில் பல்லாயிரம் ரூபாய்க் கருவி இல்லை. கையால் எழுதிச் சேர்க்கும் வசதி சப்சர்ஃபேஸில் உண்டு. ஆனால் அந்த வடிவம் லாக் புக் பழகியவருக்கு அமைந்தது. ஆழத்துக்கு மீட்டர் அல்லது அடி. பாகம் என்ற அலகு கிடையாது. எட்டுப் பாகம் என்றால் பதினான்கரை மீட்டர் சொச்சம். மில்லிகெல்வின் வரை போனவர்களுக்கு இது ஒரு வரி நிரல்.

அந்த ஒரு வரியை யார் எழுதுவது என்ற கேள்வியில்தான் நான் சென்னையின் அடையாறுக்கு வர வேண்டியிருக்கிறது. கிழக்கே ஊரூர் குப்பத்தில் கடலின் வெள்ளத்துக்கு, அதாவது நீரோட்டத்துக்கு, வன்னி, தெண்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தெற்கே பழைய மகாபலிபுரம் சாலை முழுக்க நிரல் எழுதுகிறவர்கள். நடுவே ஐ.ஐ.டி. வளாகத்தில், 1998-இல் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழு சனிக்கிழமைகளில் கூடிக் கூடியே ஒரு தலைமுறையை வளர்த்திருக்கிறது. கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதக் கணியம் என்ற மின்னிதழ் இருக்கிறது. இத்தனையும் சில கிலோமீட்டருக்குள். ஆனாலும் நம்மில் பெரும்பாலோருக்குக் கட்டற்ற மென்பொருள் என்றால் காசில்லாமல் கிடைப்பது என்றுதான் பொருள்.

பராமரிப்பு என்பது புதிதாக எதையும் செய்வதல்ல. பெருமை இல்லாத வேலை. புதிய கருவி மாதிரி ஒன்று சந்தைக்கு வரும், புளூடூத் பேச்சு மாறியிருக்கும். ஆண்ட்ராய்டு ஒரு விதியை மாற்றும். ஆப்பிள் கடையில் இடம் வேண்டுமானால் ஆண்டுக்கு 99 டாலர், யாராவது கட்டத்தான் வேண்டும். க்யூட்டி அடுத்த பதிப்புக்குப் போகும், பின்னாலேயே ஓட வேண்டும். பராமரிப்பவர் கையால் தொட்டேயிராத ஒரு கருவி, அவர் பார்த்திராத கடலில் தவறாகப் பதிந்தது என்று ஒருவர் புகார் எழுதுவார். அதற்காகவே தரவிறக்கப் பெட்டியின் அடியில் இரண்டு சிறு கட்டங்கள் உண்டு. ஒன்று நடந்ததை வரிவரியாகக் கோப்பில் எழுதும், மற்றொன்று கருவி துப்பிய பைட்டுகளை அப்படியே அள்ளி வைக்கும். அந்த இரண்டு கோப்புகளும் கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. கிடைக்காவிட்டால் புகார் வெறும் புலம்பல்.

நானும் பல மாதம் புலம்பியவன்தான். காமிராவின் நேரமும் மணிக்கட்டின் நேரமும் பொருந்தவில்லை, படங்கள் எல்லாம் வேறு முங்கலில் போய் உட்காருகின்றன என்று புதுச்சேரிப் படகில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். கடைசியில் பார்த்தால் என் காமிரா கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சரியாக ஐந்தரை மணி வித்தியாசம். முங்கலின் நேரத்தை உள்ளூர் நேரமாக மட்டுமே, நேர மண்டலம் இல்லாமல் வைத்துக்கொள்வது சப்சர்ஃபேஸின் பழைய முடிவு. படங்களை நகர்த்திக்கொள்ள அங்கேயே வழியும் இருந்தது. ஒருவேளை நான் கேட்டிருந்தால் யாராவது இரண்டே வரியில் சொல்லியிருப்பார்கள். கேட்டிருந்தால் அடுத்தவருக்காக உதவிக் குறிப்பிலும் இரண்டு வரி சேர்ந்திருக்கும்.

மழைக்காலம் தொடங்குமுன் கடைசியாகப் போன ஞாயிறன்று தண்ணீர் மோர் போலக் கலங்கியிருந்தது. கை நீட்டினால் விரல் தெரியாது. படகோட்டி அதற்குச் சொன்ன காரணத்தைக் குறிப்புப் பெட்டியில் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதினேன், ஆழத்தைப் பாகத்திலும். வீட்டுக்கு வந்து கோப்பைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து பார்த்தேன். ஆங்கிலக் கொக்கிகளுக்கு நடுவே, ஓர் எழுத்தும் குலையாமல், ‘தெண்டி வெள்ளம், ஏழு பாகம்’ என்று இருந்தது.