கீழிருந்து எழும் ஒழுங்கு: பழ ஈயின் குடலைப் பார்க்கும் முறை

பழ ஈயின் நடுக்குடலில் உணவைச் செரிக்கும் உட்படலம் ஒற்றைச் செல் அடுக்கால் ஆனது. அதிலுள்ள ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு முகங்கள். உணவை நோக்கிய மேல்முகத்தில் நுண்விரலிகள் நெருங்கி நிற்கும். கீழ்முகம் அடித்தளச் சவ்வைப் பற்றியிருக்கும். செல் இப்படி இரு முகம் கொள்வதுதான் முனைப்பாடு.

நுண்ணோக்கிப் படத்தில் நிறங்கள் ஆய்வாளர் தேர்ந்தவை. அவற்றில் மயங்குவதைவிட எதற்குமேல் எது என்று பார்ப்பதே பயன் தரும். ஆக்டின் இழைகளுக்குச் சாயமேற்றியிருந்தால், குடலின் உள்வெளியை ஒட்டி ஒரு விளிம்பு பளிச்சென்று ஓடும். அது நுண்விரலிகளின் வரிசை. அதற்குச் சற்றுக் கீழே, அடுத்தடுத்த செல்களுக்கிடையில் கசிவை அடைக்கும் தடுப்புச் சந்தி இருக்கும். ஈயின் தோல் போன்ற திசுக்களில், செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஒட்டுச் சந்தி மேலேயும் தடுப்புச் சந்தி கீழேயும் அமைகின்றன. நடுக்குடலில் இது தலைகீழ். முதுகெலும்புள்ள விலங்குகளின் குடலிலும் கசிவை அடைக்கும் சந்திதான் மேலே.

இந்த வேறுபாடு கருவிலேயே தொடங்குகிறது. நடுக்குடலின் முன், பின் மூலச் செல்கள் முதலில் முனைப்பாடு உள்ள அடுக்காகத்தான் இருக்கின்றன. செர்பென்ட் என்னும் மரபணு, மேல்முகத்தைக் காக்கும் கிரம்ப்ஸ் புரதத்தைக் குறைத்துவிட, அவை முனைப்பாட்டை இழந்து தளர்ந்து நகர்கின்றன. குடல்தசையாக மாறவிருக்கும் நடுப்படையைத் தொற்றிக்கொண்டே இரு கூட்டங்களும் நடுவில் சந்தித்து, மீண்டும் அடுக்காகின்றன. நடுப்படை இல்லையேல் இந்த இரண்டாம் அடுக்கு உருவாவதில்லை.

முதிர்ந்த ஈயிலும் கீழ்ப்பக்கமே வழிகாட்டி. தோலில் முனைப்பாட்டை நிறுவும் கிரம்ப்ஸ் போன்ற வழக்கமான புரதங்கள் நடுக்குடல் செல்களுக்குத் தேவையில்லை என்று 2018இல் டேனியல் செயின்ட் ஜான்ஸ்டன் குழு காட்டியது. அங்கே இன்றியமையாதவை, அடித்தளச் சவ்வைப் பற்றும் இன்டக்ரினும் அதன் துணைப்புரதமான டாலினும். டாலின் அற்ற செல், அடுக்கில் சேர முடியாமல் முகமற்று நிற்கிறது.

படத்தின் மிகச் சுவையான பகுதி அடியில்தான். பெரிய உட்கருக்களைக் கொண்ட செல்களுக்குக் கீழே சிறிய முக்கோணங்களாக ஒதுங்கியிருப்பவை குருத்துச் செல்கள். அவற்றின் வாரிசு மேலே எழும்போது உள்வெளியை எட்டும்வரை காத்திருப்பதில்லை. அண்டைச் செல்களின் தடுப்புச் சந்திக்கு அடியிலேயே தன் மேல்முகத்தை உருவாக்கிக்கொள்கிறது. அப்போது செல்லின் உச்சியில், எங்கும் திறக்காத ஒரு சிறு அறை தெரியும். பின்னர் மேலுள்ள சந்தி விலக, அறை உள்வெளியோடு இணைகிறது.