“குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைக்கவும்”: பாதுகாப்புப் பட்டியல்கள் பற்றி ஒரு விமர்சனம்

குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டால் வீட்டுக்கு வந்து சேர்கிற அறிவுரைகளில் ஒரு தனி ரகம், பாதுகாப்புப் பட்டியல். வார இதழ் இணைப்புகளில் வரும், குழந்தை வளர்ப்புப் புத்தகங்களின் பின்பக்கங்களில் வரும், இப்போது வாட்ஸப்பிலும் வருகிறது. கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைத்து வாசித்தேன். கோட் ரிவ்யூ பண்ணுகிற கண்ணோடு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பாதிக்கு மேல் மொழிபெயர்ப்பு என்பது இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடுகிறது. கணப்படுப்புக்குத் தடுப்பு வைக்கச் சொல்கிறது ஒன்று. மதுரையில் யார் வீட்டில் கணப்படுப்பு இருக்கிறது? ஆனால் தரையில் கிடக்கும் அருவாமனை, ஹீட்டர் ராடு போட்ட வாளி, பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்த பினாயில், வாசலில் சரியாக மூடாத சம்ப் பற்றி ஒரு வரி கிடையாது.

இதைக்கூட யாராவது தமிழ் தெரிந்தவர் உட்கார்ந்து திருத்திவிடலாம். எனக்கு உறுத்துவது வினைச்சொற்கள். வையுங்கள், மூடுங்கள், பூட்டுங்கள், கண்ணை எடுக்காதீர்கள். முப்பது வரி இருந்தால் முப்பது வேலை. அதுவும் ஒரு தடவை செய்து முடிப்பதில்லை, தினமும், ஒவ்வொரு தடவையும். செய்யப்போவது யார் என்று பட்டியலில் இருக்காது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மா அதே நேரத்தில் குக்கர் விசிலையும் எண்ணிக்கொண்டிருப்பாள். பயன்படுத்துபவர் ஒருமுறைகூட மறக்காமல் இருந்தால்தான் ஒரு புரோகிராம் ஓடும் என்றால் எங்கள் தொழிலில் அதற்கு பக் என்று பெயர். வீட்டில் அதற்கே ‘கவனக்குறைவு’ என்று பெயர் வைத்து, பழியைத் தாயின் தலையில் போடுகிறோம்.

ஃபிரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். ‘குழந்தை ஃபிரிட்ஜுக்குள் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று நான் வாசித்த எந்தப் பட்டியலிலும் இல்லை. 1950களின் அமெரிக்காவில் இது நிஜமான பயம். அப்போதைய கதவுகளுக்குக் கொக்கி போன்ற தாழ். மூடினால் உள்ளேயிருந்து திறக்க வழியில்லை. கண்ணாமூச்சி ஆடிய குழந்தைகள் தூக்கிப்போட்ட பழைய ஃபிரிட்ஜுகளுக்குள் ஒளிந்து மூச்சுமுட்டிச் செத்தார்கள். கதவைக் கழற்றிவிட்டுப் போடுங்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள். 1956இல் சட்டமே வந்தது: கதவு உள்ளேயிருந்து தள்ளினால் திறக்க வேண்டும். கம்பெனிகள் தாழை விட்டுவிட்டுக் காந்தப் பட்டைக்கு மாறின. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவைச் சுற்றி ஓடுகிற ரப்பருக்குள் இருப்பது அந்தக் காந்தம்தான். அதை யாரும் தினமும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வாக்கர் கதை இதற்கு நேர் எதிர். முதல் பிறந்தநாளுக்கு முன்பே யாராவது ஒரு மாமாவோ சித்தியோ வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். பட்டியல் என்ன சொல்லும்? குழந்தை வாக்கரில் இருக்கும்போது பக்கத்திலேயே இருங்கள், அவ்வளவுதான். 1990 முதல் 2014 வரை அமெரிக்காவில் 15 மாதத்துக்குக் குறைந்த சுமார் 2.3 லட்சம் குழந்தைகள் வாக்கர் காயத்தோடு அவசர சிகிச்சைக்கு வந்ததாக ஒரு ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலானவை படிக்கட்டில் உருண்டவை. பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தவையும் நிறைய. சக்கரத்தில் வருகிற குழந்தை ஒரு நொடியில் மூன்றடிக்கு மேல் போய்விடும், எழுந்து ஓடிப் பிடிக்க முடியாது. கனடா 2004இல் விற்பனையையே தடை செய்தது. “பார்த்துக்கொள்ளுங்கள்” என்ற வரியை அடித்துவிட்டுப் பொருளையே எடுத்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் டிசைனால் தீர்க்க முடியுமா, ஒருத்தர் பார்த்துக்கொண்டுதானே ஆக வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பங்களாதேஷ் கிராமங்களில் வீட்டை ஒட்டியே குளம். குழந்தைகள் மூழ்குவது பெரும்பாலும் முற்பகலில், அம்மா சமையலிலும் வீட்டு வேலையிலும் இருக்கும் நேரத்தில். அங்கே அம்மாவிடம் “இன்னும் கவனமாக இரு” என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. காலை 9 மணி முதல் மதியம் 1 மணி வரை ஊருக்குள்ளேயே காப்பகம் நடத்தினார்கள். பெயர் ஆஞ்சல், அதாவது புடவை முந்தானை. அங்கே வரும் குழந்தைகளிடையே மூழ்கிச் சாவது வெகுவாகக் குறைந்தது. பார்த்துக்கொள்வதும் ஒரு வேலை, அதற்குத் தனியாக ஒரு ஆள் வேண்டும் என்று ஒப்புக்கொண்டதுதான் வித்தியாசம்.

நமக்குக் குளம் அவ்வளவு இல்லை, வாளி இருக்கிறது. சில அங்குலத் தண்ணீர் போதும். இந்த வயதில் தலை கனம். எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானாக நிமிர முடியாது, சத்தமும் வராது. பட்டியல்கள் “வாளியைக் காலியாக வையுங்கள்” என்கின்றன. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற தெருவில் எந்த வீட்டில் வாளி காலியாக இருக்கும்? பாத்ரூம் கதவுக்குத் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங்கும், வெளிப்பக்கம் உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும் போடலாம். தச்சருக்கு அரைமணி நேர வேலை.

ஆனால் வாடகை வீட்டில் கதவில் ஓட்டை போட ஓனர் விடமாட்டார். நியூயார்க்கில் 1976இல் விதி கொண்டுவந்தார்கள்: 10 வயது வரையுள்ள குழந்தைகள் இருக்கும் அபார்ட்மென்டில் ஜன்னல் தடுப்பை வீட்டு உரிமையாளர்தான் பொருத்த வேண்டும். நம் வாடகை ஒப்பந்தத்தில் எத்தனை ஃபேன், எத்தனை டியூப்லைட், சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பது வரை எழுதியிருக்கும். சம்ப் மூடிக்குப் பூட்டு உண்டா என்று எழுதிய ஒப்பந்தத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.