வெள்ளிக்காக அழிந்தவை

காஞ்சிபுரத்தில் பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர்கள் புடவையைப் பார்ப்பதில்லை, சரிகையைப் பார்க்கிறார்கள். எரித்து உருக்கினால் வெள்ளி கிடைக்கும். பழைய படச்சுருள்களுக்கும் இதே கதிதான். ஓடி முடிந்த படத்தின் பிலிமிலிருந்து வெள்ளியைப் பிரித்து விற்றார்கள். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் தொடங்கப்படுவதற்குள் தமிழின் தொடக்ககாலப் படங்கள் பல போய்விட்டன.

டி.பி.ராஜலட்சுமி நாயகியாக நடித்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ (1931) இன்று இல்லை. அவரே எழுதி, இயக்கி, நடித்த ‘மிஸ் கமலா’வும் (1936) இல்லை. ‘முதல் பெண் இயக்குநர்’ என்ற பட்டம் மட்டும் இருக்கிறது. அதற்கு மாலை போட்டு நிறுத்திக்கொள்கிறோம். என் குறை இதுதான்: படம் இருந்த இடத்தில் பட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தப் பெண் என்ன சொல்ல வந்தார் என்று கேட்கக்கூட நமக்குத் தோன்றுவதில்லை.

கேட்க வழியில்லாமல் இல்லை. ‘மிஸ் கமலா’ அவருடைய ‘கமலவல்லி’ நாவலிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் கொட்டகைகளில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் கதைச்சுருக்கமும் நடிகர் பெயர்களும் இருக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அத்தகைய புத்தகங்களைப் பார்க்கலாம்.

தறிவீட்டில் தார் சுற்றும் பெண்ணின் உழைப்பு புடவையில் இருக்கிறது, பெயர் எங்கும் இல்லை. ராஜலட்சுமிக்குப் பெயர் இருக்கிறது, உழைப்பைக் காணோம். மாணவிகள் முதலில் நாவலைத் தேடிப் படிக்கட்டும். மாலையைப் பிறகு போடலாம்.