பாம்பன் பாலப் படங்களும் ‘தூக்கு’ என்னும் சொல்லும்

பழங்கட்டடங்களையும் பொறியியல் மரபுச் சின்னங்களையும் காட்டும் ஒளிப்படங்களை மதிப்பிடுவோர் ஒளி, கோணம், பொருளமைதி ஆகியவற்றை ஆராய்வர். படத்தின் கீழுள்ள குறிப்பை ஆராய்வது அரிது. கோயில், கோட்டை முதலிய அசையாக் கட்டடங்களுக்கு இது பெருங்குறையன்று. அசைவதற்கென்றே அமைந்த பொறிக்கோ குறிப்பு படத்தின் சரிபாதியாகும். படம் அசைவை நிறுத்திவிடுகிறது. அவ்வசைவை மீட்டுத் தரவேண்டியது குறிப்பிலுள்ள வினைச்சொல்லே. இதற்குப் பாம்பன் இரயில் பாலத்தின் படங்கள் தக்க சான்றாகும்.

1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட இப்பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான நீளமுடையது. கப்பல் செல்லும் வழியில் அமைந்த கண், அமெரிக்கப் பொறியாளர் ஷெர்சர் வகுத்த முறையில் ஆனது. 1964 டிசம்பர்ப் புயலில் பாலத்தின் பெரும்பகுதி சிதைந்தபோதும் அக்கண் நிலைத்தது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் இரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் பயன்பாட்டுக்கு வந்தது. இனிப் பழைய பாலத்தின் இயக்கத்தை அறிய விழைவோர் படங்களையே பெரிதும் நாடவேண்டும்.

அப்படங்கள் எதைக் காட்டுகின்றன? 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் மேலிருந்து எடுத்தவை பல. கடல்மீது ஊர்ந்து செல்லும் இரயிலின் அழகை அவை நிறைவாகத் தருகின்றன. ஆயின் இயக்கத்தின் உயிர்நிலை அவற்றில் தெளிவாகப் புலப்படுவதில்லை. ஷெர்சர் முறையில் கண்ணின் ஒவ்வொரு பாதியும் வண்டிச் சக்கரத்தின் துண்டு போன்ற வளைந்த அடியுடையது. அவ்வடி தடத்தின்மேல் பின்னோக்கி உருள, பாதிகள் இரண்டும் நிமிர்கின்றன. நிமிர்ந்து நிற்கும் நிலையைப் படம் காட்டும். உருண்டு நிமிர்ந்ததைக் காட்டாது.

குறிப்பும் இக்குறையை நீக்குவதில்லை. பழையதும் புதியதும் ‘தூக்குப் பாலம்’ என்றே சுட்டப்படுகின்றன. புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள கண் கிடைநிலை மாறாமல் இரு கோபுரங்களிடையே மேலேறுகிறது. இருவேறு அசைவுகள் ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. ‘பாலம் திறப்பு’ என்னும் தொடரோ தொடக்க விழாவையும் குறிக்கும். கப்பலுக்கு வழிவிட்டதையும் குறிக்கும். ஆண்டும் சூழலும் இல்லாத படத்தில் இம்மயக்கம் தீராது. அதனை மொழிபெயர்ப்போர் பிழையை மற்றொரு மொழிக்கும் கொண்டுசெல்வர்.

இதனால் ‘தூக்கு’ என்பதைக் கைவிட்டுப் புதுச்சொல் ஆக்கவேண்டும் என்பது கருத்தன்று. அது மக்கள் வழங்கும் சொல், பொருத்தமான சொல்லுமாகும். இவ்வகைப் பாலத்திற்கு ஆங்கிலம் கடன்கொண்ட ‘பாஸ்கூல்’ என்னும் பிரெஞ்சுச் சொல், சீசாப் பலகையையும் எடையிடும் பொறியையும் குறிப்பது. தமிழிலும் ‘தூக்கு’ உயர்த்துதலோடு நிறுத்தலையும் குறிக்கும். ‘தூக்குக்கோல்’, ‘சீர்தூக்குதல்’ என்பன காண்க. எதிரெடையால் சமனுற்று இயங்கும் பாலத்திற்கு இவ்விரு பொருளும் இயைவது எண்ணத்தக்கது.

ஆகவே செய்யவேண்டியது சிறிது. பழைய பாலத்தை ‘உருள்தூக்குப் பாலம்’ என்றும், புதியதைச் ‘செங்குத்துத் தூக்குப் பாலம்’ என்றும் அடைமொழியால் வேறுபடுத்தலாம். குறிப்பில் ‘பாலம் திறப்பு’ என்பதற்கு மாறாக, ‘கப்பலுக்கு வழிவிடப் பாதிகள் இரண்டும் பின்னோக்கி உருண்டு நிமிர்ந்த நிலை’ என எழுதி ஆண்டும் சேர்க்கலாம். ஒரு வரி நீளுமேயன்றிப் பிறிது இழப்பில்லை. நாளை பாலத்தைக் காண இயலாதவர்க்கு அந்த ஒரு வரியே அதன் இயக்கமாக நிற்கும்.