பட்டை வரைபடமும் ஒரு 'ஆகவே'யும்

ஆலைக் கழிவுநீரைக் காற்றில்லாமல் சுத்திகரிக்கும் ரியாக்டர்கள் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளா படிச்சிட்டு வரேன். சர்க்கரை ஆலை, சாராய ஆலை, காகித ஆலை எதுவானாலும் பல கட்டுரைகளின் அமைப்பு ஒண்ணுதான். சேற்றில் சாம்பிள் எடுத்து, டி.என்.ஏ. பிரித்து, 16எஸ் மரபணுவை வரிசைப்படுத்தி, கலர் கலரா ஒரு பட்டை வரைபடம். கடைசியில், "இந்தப் பேரினம் இத்தனை சதவீதம், ஆகவே முக்கியப் பங்கு வகிக்கிறது."

என் புகார் அந்த 'ஆகவே' மேலதான்.

முதலில், அந்தச் சதவீதம் செல்களின் எண்ணிக்கையே இல்லை. சில பாக்டீரியாக்களில் 16எஸ் மரபணு 10 பிரதிக்கு மேல் இருக்கும். மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாக்களில் பெரும்பாலும் 1 முதல் 4 வரைதான். செத்த செல்லின் டி.என்.ஏ.வும் கணக்கில் சேரும். படத்தில் மெல்லிசா ஒரு கோடாகத் தெரியுற கூட்டம்தான் மீத்தேன் முழுக்கத் தயாரிக்கும்.

இரண்டாவது, இங்கே வேலை நடப்பது கூட்டாக. மெத்தனோபேசில்லஸ் ஒமேலியான்ஸ்கி என்பதை ஒரே உயிரினம்னு பல வருஷம் நம்பினாங்க. அது இரண்டு உயிரினங்களின் கூட்டு என்று 1967-ல் பிரையன்ட், வோலின் குழு காட்டியது. ஒன்று எத்தனாலை உடைத்து ஹைட்ரஜன் விடும். மற்றது அதை உடனுக்குடன் தின்னும். புரோபியோனேட் கதையும் இதேதான். ஹைட்ரஜன் மிகமிகக் குறைவா இருந்தால்தான் அது உடையும். சர்வரில் ஓடும் புராசஸ் லிஸ்ட்டை மட்டும் பார்த்து, எது எதை நம்பி ஓடுதுன்னு சொல்ல முடியுமா?

மூன்றாவது, 1999-ல் ஃபெர்னாண்டஸ் குழு வெளியிட்ட ஆய்வு. குளுக்கோஸ் ஊட்டிய மீத்தேன் ரியாக்டரை 605 நாள் கவனித்தார்கள். ரியாக்டரின் செயல்பாடு நிலையா இருந்தது. உள்ளே இருந்த நுண்ணுயிர்க் கூட்டமோ மாறிக்கிட்டே இருந்தது. அப்படின்னா ஒரே ஒரு நாள் சாம்பிளை வைத்து என்ன முடிவு சொல்ல முடியும்?

இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. அசிடேட்டைத் தின்னும் மெத்தனோத்ரிக்ஸ் இரட்டிப்பாகவே சில நாட்கள் ஆகும். அமிலம் சேர்ந்து ரியாக்டர் புளிச்சுப்போனா, மீண்டு வர வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகலாம். ஆலையை நடத்துபவருக்கு வேண்டியது அதற்கு முன்னாடியே ஒரு எச்சரிக்கை. பேரினப் பட்டியல் மட்டும் அதைத் தராது.

வரிசைப்படுத்துதலே வீண்னு சொல்லவில்லை. ஆய்வகத்தில் வளர்க்க முடியாத எத்தனையோ உயிர்கள் அங்கே இருப்பது அதனால்தான் தெரிந்தது. நான் கேட்பது சின்ன விஷயம். சாம்பிள் எடுத்த அதே நாளின் புரோபியோனேட், அசிடேட், ஹைட்ரஜன் அளவுகளைப் படத்துக்குப் பக்கத்தில் போடுங்க. சில மாதத்துக்குத் தொடர்ந்து போடுங்க. 'செய்கிறது' என்று எழுதணும்னா, கார்பன்-13 குறியிட்ட உணவைக் கொடுத்து யார் தின்கிறார்கள்னு காட்டுங்க. அதுவரைக்கும் 'இருக்கிறது' என்று எழுதினாலே போதும்.