தெரிவு என்ற சொல்லும் வழிகாட்டி எழுத்தும்

ஆண்டுதோறும் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவரும் வேளையில் ஒருவகை எழுத்து நம்மிடையே பெருகுகின்றது. பத்திரிகைகளின் கல்விப் பக்கங்களிலும், தனியார் கல்வி நிலையங்கள் இலவசமாக வழங்கும் சிறு பிரசுரங்களிலும், பாடசாலை மண்டபங்களில் நடைபெறும் கருத்தரங்குகளின் கையேடுகளிலும் அதனைக் காணலாம். உயர்தரத்தில் எதைப் படிக்கலாம், எப்பாடங்களை எடுத்தால் எந்தப் பல்கலைக்கழகக் கற்கைநெறிக்குத் தகுதி உண்டு, பின்னர் எத்தொழில் கைகூடும் என்பனவே அதன் பொருள். கதையும் கவிதையும் விமரிசனத்துக்கு உரியனவாயின் இவ்வெழுத்தும் உரியதே. நாவல் நுழையாத வீட்டினுள்ளும் இது நுழைகின்றது. வாசிப்போரின் வாழ்விலும் நாவலைவிட விரைவாகத் தலையிடுகின்றது.

நியாயம் கருதி ஒன்றை முதலிற் சொல்லவேண்டும். இக்கையேடுகள் தரும் தகவல்களிற் பெரும்பாலானவை சரியானவை. மருத்துவத்துக்கு உயிரியல், பௌதிகவியல், இரசாயனவியல் வேண்டும். பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் வேண்டும். இசட் புள்ளி மூன்று பிரதான பாடங்களைக் கொண்டே கணிக்கப்படுகின்றது, பொது ஆங்கிலம் அதிற் சேராது. இவற்றைப் பதினாறு வயதுப் பிள்ளை முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியம். என் குறை தகவலைப் பற்றியதன்று. இவ்வெழுத்து யாரை விளித்துப் பேசுகின்றது என்பதே என் வினா.

உன் ஆர்வத்தை அறி, உன் திறமையை அறி, அதற்கேற்ற பிரிவைத் தெரிவுசெய் என்ற பாங்கிலேயே எல்லாக் கையேடுகளும் தொடங்குகின்றன. ஆர்வமும் திறமையும் மட்டுமுள்ள, ஊரும் வீடும் இல்லாத ஒரு பிள்ளையை எழுதுவோர் கற்பனைசெய்து கொள்கின்றனர். நம் நாட்டில் ஏறத்தாழப் பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. உயர்தர விஞ்ஞானப் பிரிவைக் கொண்ட ‘1 ஏபி’ வகைப் பாடசாலைகள் அவற்றிற் பத்திலொரு பங்களவே. ‘1 சி’ எனப்படும் பாடசாலையிற் படிக்கும் பிள்ளைக்கு விஞ்ஞானப் பிரிவு அங்கே கிடையாது. வகுப்பே இல்லாதவிடத்துத் தெரிவு எங்கே? மேலும், தெரிவு என்னும் சொல், தெரிபவர் யார், தெரியப்படுபவர் யார் என்பதை வெளிக்காட்டுவதில்லை. பிள்ளை பாடத்தைத் தெரிகின்றது என்று கையேடு சொல்கின்றது. பாடசாலையின் வகை பிள்ளையைத் தெரிந்து ஒதுக்குகின்றது என்பதே நான் கண்ட உண்மை.

நான் கற்பிப்பது நுவரெலியா மாவட்டத்தில். மூன்று ஆண்டுகளின் முன் எம் பாடசாலையில் ஒரு மாணவி கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ‘ஏ’ சித்தி பெற்றாள். எம்மிடம் இருந்தது கலைப் பிரிவு ஒன்றே. தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் படிப்பதாயின் நகரத்துப் பாடசாலைக்குச் செல்லவேண்டும். கொழுந்து பறிக்கும் அவளுடைய தாய், அன்றைய ‘பேரை’ இழந்து பாடசாலைக்கு வந்தார். “டவுனு ஸ்கூல்ல எடம் குடுத்தாலும் போடிங் காசுக்கு எங்க சேர் போறது? அவளுக்குப் பின்னாடி ரெண்டு இருக்கு. இங்க இருக்குறதப் படிக்கட்டும்” என்றார். விண்ணப்பப் படிவத்தை நானே நிரப்பினேன்: தமிழ், இந்து நாகரிகம், புவியியல். பொருளியலை எழுத விரும்பினேன். அதற்கு ஆசிரியர் இல்லை. வெட்கத்தோடு இன்னொன்றையும் சொல்கின்றேன். என் வகுப்புக்கு ஒரு கெட்டிக்காரி கிடைத்தாள் என்று அன்று உள்ளூர மகிழ்ந்தேன்.

‘இருப்பதைப் படித்தல்’ என்று அத்தாய் சொன்ன பிரிவு எந்தக் கையேட்டிலும் இல்லை. ஆனால் தோட்டப்புறங்களிலும் வன்னியிலும் கிழக்கின் எல்லைக் கிராமங்களிலும் அதுவே பெரும் பிரிவு.

மாவட்ட ஒதுக்கீடு இக்குறையை நிரப்பவில்லையா என்று கேட்கலாம். விஞ்ஞானக் கற்கைநெறிகளுக்கான இடங்களில் நாற்பது வீதம் நாடளாவிய திறமைக்கும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைக்கேற்பவும், ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. நுவரெலியாவும் பின்தங்கிய மாவட்டமே. இவ்வேற்பாட்டின் நோக்கம் நியாயமானது. ஆயினும் அது மாவட்டத்தை மாவட்டத்தோடுதான் ஒப்பிடுகின்றது; மாவட்டத்தினுள்ளே நகரத்துப் பாடசாலையையும் தோட்டத்துப் பாடசாலையையும் அது பிரித்தறிவதில்லை. விஞ்ஞான வகுப்பில் அமரமுடியாத பிள்ளைக்கு எந்த வீதமும் கணக்கில்லை.

கலைப் பிரிவைப் பற்றிய அத்தியாயமே இக்கையேடுகளின் மிகப் பலவீனமான பகுதி. அதன் நடையே மாறிவிடுகின்றது. விஞ்ஞானத்துக்குத் தகுதிகளும் துறைகளும் விவரிக்கப்படும். கலைக்கு ஆறுதல் கூறப்படும். கலை படித்தோர் சட்டத்தரணியாகலாம், நிருவாக சேவையிற் சேரலாம் என்பர். சட்டபீடத்தின் வாயில் எல்லாப் பிரிவினருக்கும் திறந்தது. நிருவாக சேவைப் பரீட்சைக்கும் எத்துறைப் பட்டதாரியும் தோற்றலாம். விஞ்ஞானம் படித்தவன் பின்னர் கலையின் பக்கம் வரலாம், கலை படித்தவள் மறுபக்கம் போகமுடியாது என்ற ஒருவழிப் பாதையை இவ்வத்தியாயம் மறைத்துவிடுகின்றது.

இதில் தமிழ்ப் பட்டதாரிகளாகிய எமக்கும் பங்குண்டு. தாய்மொழியின் பெருமை, பண்பாட்டின் மேன்மை என்று மேடைகளில் நாம் பேசுவன, ஆசிரியர் பற்றாக்குறையை மொழிப்பற்றாக மாற்றிக் காட்டவே பலவேளை உதவுகின்றன. தமிழ் இலக்கியத்தை விரும்பிப் படிக்கவருபவர் நூற்றுவர் வரட்டும். வேறு வழியின்றி வந்தவரைக் காட்டித் தமிழ் வளர்கின்றது என்று மார்தட்டுவது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது.

தொழிற்கல்வியைப் பற்றியும் ஒரு சொல். 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களை எல்லா மாணவருக்கும் கொணர்ந்தது. கைத்தொழிலும் படிப்பும் ஒரே மேசையில் அமரவேண்டும் என்ற அதன் எண்ணம் சரியானது. ஆனால் மத்தியதர வர்க்கம் அதனை ஏளனம் செய்தது. 1977இன் ஆட்சிமாற்றத்தின் பின் அது கைவிடப்பட்டது. 2017இல் தொடங்கிய பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற்பாடங்களோ, சாதாரணதரத்திற் சித்தியடையாதோரின் புகலிடமாகவே நம் ஆசிரியர் அறைகளிற் பேசப்படுகின்றன. மின்னிணைப்பு வேலையைத் தோல்விக்குரிய தண்டனையாக்கிய பின் தொழிலின் மகத்துவத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச்சொல்வது நல்ல வேடிக்கை.

அம்மாணவி உயர்தரத்திற் சித்தியடைந்துவிட்டாள், தமிழில் ‘ஏ’. பெறுபேற்றோடு வந்து, “இனிமே சயன்ஸ் பக்கம் போக ஏதாச்சும் வழி இருக்கா சேர்?” என்று கேட்டாள். மீண்டும் முதலிலிருந்து எழுதலாம் என்றேன். எங்கே படித்து எழுதுவது என்று அவள் கேட்கவில்லை; இருவருக்கும் விடை தெரியும்.

அடுத்த பருவத்துக்கு வழிகாட்டி அச்சிடுவோரிடம் ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழகங்களின் படங்களைக் குறைத்து ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். வலயத்தின் எந்தப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் உண்டு, எதற்கு இல்லை, விடுதி எங்குள்ளது, மாதமொன்றுக்கு பஸ்ஸுக்கும் விடுதிக்கும் என்ன செலவாகும் என்பவற்றை அதில் வெளியிடுங்கள். எங்கள் வலயத்துக்குரிய விவரங்களைத் திரட்டித்தர ஆசிரியர் சிலர் ஆயத்தமாயிருக்கின்றோம்.